ஒப்படைத்த தாய்: குற்ற ஐயமும் பெற்றோர் நிலையும் – ஒரு வரலாற்று நோக்கு

தம் மக்கள் குற்றம் செய்திருக்கக் கூடுமோ என்னும் ஐயம் பெற்றோர் முன் வந்து நிற்கும் நிலையைத் தமிழிலக்கியம் அரிதாகவே பாடியுள்ளது. குற்றம் உறுதிப்பட்ட பின் பெற்றோர் செய்தது யாது என்பதை அது பேசுகிறது. குற்றமற்ற மகன் கொல்லப்பட்ட பின் பெற்றோர் அடைந்த கதி யாது என்பதையும் பேசுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலம், அதாவது செய்தானா இல்லையா என உலகம் வழக்காடிக் கொண்டிருக்கும் காலம், பெரிதும் பாடப்படாமலே உள்ளது. இராசீவ் காந்தி கொலை வழக்கில் 1991இல் சிறைப்பட்ட பேரறிவாளனின் தாய் அற்புதம்மாளின் வாழ்வில் ஏறத்தாழ முப்பத்தோராண்டுகள் அவ்விடைக் காலத்திலேயே கழிந்தன. அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான திருப்பம் பெங்களூரில், கோணனகுண்டேயில் நிகழ்ந்தது. அதனை உரிய அழுத்தத்துடன் நோக்கியவர் சிலரே.

இலக்கியம் காட்டும் பெற்றோர்

முதலில் நினைவுக்கு வருபவன் மனுநீதிச் சோழன். சிலப்பதிகார வழக்குரை காதையில் கண்ணகி தன் ஊரின் பெருமை கூறுமிடத்து இக்கதை சுட்டப்படுகிறது. சேக்கிழார் திருநகரச் சிறப்பில் இதனை விரித்துரைக்கிறார். ஈழத்து மகாவம்சம் எல்லாளன்மீது இதே கதையை ஏற்றிச் சொல்கிறது. நீதி வழுவாமைக்குச் சான்றாகவே இக்கதை வழிவழியாகப் பயிலப்பட்டு வருகிறது. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் அச்சோழனுக்குச் சிலையும் உண்டு. ஆனால் கதையைச் சற்று நின்று நோக்கினால் இரண்டு செய்திகள் புலப்படும். கன்று தானாகவே தேர்க்காலில் வந்து வீழ்கிறது. இளவரசன் அறிந்து செய்யவில்லை. அமைச்சர்கள் கழுவாய் கூறுவதும் இக்காரணம் பற்றியே. அரசனோ 'அறிந்தானா, அறியாது செய்தானா' என்னும் வினாவுக்கு இடமளிக்கவில்லை. உயிர் போயிற்று, ஆகவே உயிர் போக வேண்டும் என்பதே அவன் முடிவு. மற்றொன்று, கன்றை இழந்த பசுவாகிய தாய் மணியை அடித்து நீதி கேட்கிறாள். மகனை இழக்கப்போகும் தாய்க்கோ கதையில் ஒரு சொல்லும் இல்லை. மகனின் குற்றத்தைத் தந்தை அரசனாக நின்று தீர்க்கிறான். அரசியாக நின்றேனும், தாயாக நின்றேனும் பேசுதற்குரியவள் கதைக்குள் அழைக்கப்படவே இல்லை.

புறநானூற்றில் நிலை வேறு. காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாடலில் வரும் முதியவள், தன் மகன் போரில் புறமுதுகிட்டான் எனப் பிறர் கூறக் கேட்கிறாள். அது வீர யுகத்தின் பெருங்குற்றம். அவள் சினக்கிறாள், வஞ்சினம் கூறுகிறாள். ஆயினும் கேட்ட சொல்லோடு நின்றுவிடவில்லை. வாளோடு களம் புகுந்து, வீழ்ந்து கிடக்கும் உடல்களைப் புரட்டிப் பார்த்துத் தன் மகனின் உடலைக் கண்டு, புண் எங்கு உள்ளது என்பதைத் தானே அறிகிறாள். இப்பாடலை மறத்தாயின் வீரத்திற்கு எடுத்துக்காட்டாகவே உரைப்பது வழக்கம். குற்றச்சாட்டைக் கேட்ட தாய் தானே நேரில் சென்று மேற்கொண்ட விசாரணை என்றும் இதனைப் படிக்கலாம். அவ்வாறு படிக்கும்போது, மக்கட்பேற்று அதிகாரத்தில் மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்டு மகிழும் தாயைப் பற்றிய குறளுக்குப் பரிமேலழகர் தந்த விளக்கம் எத்துணை இடறலானது என்பது விளங்கும். பெண்ணின் இயல்பினால் அவள் தானாக அறிய மாட்டாள், ஆகலின் பிறர் சொல்லக் கேட்கிறாள் என்பது அவர் கருத்து. இவ்வுரை கடந்த நூற்றாண்டில் பலராலும் மறுக்கப்பட்டதே. எனினும் 'தாய் கேட்டறிபவளா, தானே அறிபவளா' என்னும் வினா உரைமரபோடு முடிந்துவிடவில்லை. நீதிமன்றப் படிகள் வரை அது தொடர்ந்தது.

கொலையுண்ட கோவலனின் பெற்றோர் மூன்றாவது வகையினர். பொற்கொல்லன் சொல் ஒன்றே சான்றாக, ஆராய்ச்சியின்றி மகன் கள்வனெனக் கொல்லப்பட்டான் என்னும் செய்தி புகாருக்கு எட்டுகிறது. மாசாத்துவான் பொருளனைத்தையும் தானம் செய்து பௌத்தத் துறவியரை அடைகிறான். கோவலனின் தாய் உயிர் துறக்கிறாள். நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனுக்கு இதனைச் சொல்லும்போது இளங்கோ சில அடிகளிலேயே முடித்துவிடுகிறார். நீதி கேட்டு நடந்தவள் மனைவி. பெற்றோர் துறந்தனர் அல்லது மாய்ந்தனர். மகனுக்காக வழக்காடி உயிரோடிருந்த பெற்றோரைச் சிலம்பும் காட்டவில்லை.

பெரியார் திடலில் ஓரிரவு

21.05.1991 அன்று திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டார். காவலர்களும் கட்சித் தொண்டர்களுமாகப் பலர் அவருடன் மாண்டனர். டி.ஆர். கார்த்திகேயன் தலைமையில் மத்தியப் புலனாய்வுத் துறையின் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பெற்றுச் சென்னை 'மல்லிகை' இல்லத்திலிருந்து இயங்கியது. விடுதலைப் புலிகளோடு சிறு தொடர்பு உடையோரும் தேடப்பட்ட காலம் அது.

சோலையார்பேட்டையில் வாழ்ந்த குயில்தாசன், அற்புதம்மாள் இணையர் திராவிடர் கழக உணர்வுடையோர். அவர்தம் மகன் பேரறிவாளன், மின்னணுவியலில் பட்டயம் பெற்றவர், 30.07.1971இல் பிறந்தவர், அப்போது இருபது வயதும் நிரம்பவில்லை. மகனைத் தேடி வீட்டிற்கு வந்த அலுவலர்களிடம் அவர் சென்னை வேப்பேரிப் பெரியார் திடலில் இருப்பதைப் பெற்றோரே தெரிவித்ததாகவும், 11.06.1991 அன்று இரவு அவரை விசாரணைக்கெனத் தாமே ஒப்படைத்ததாகவும், மறுநாள் அனுப்பிவிடுவதாகக் கூறியே அழைத்துச் சென்றனர் என்றும் அற்புதம்மாள் பின்னாளில் மேடைகளிலும் நேர்காணல்களிலும் பலமுறை கூறியுள்ளார். நீதிமன்றத்தில் அவர் நிறுத்தப்பட்டது ஏறத்தாழ ஒரு வாரம் கழிந்த பின்னரே.

இவ்வொப்படைப்பே இவ்வரலாற்றின் அச்சு. மனுநீதிச் சோழனைப் போல இப்பெற்றோர் மகனைத் தண்டிக்க ஒப்படைக்கவில்லை. குற்றம் செய்தான் என நம்பியும் ஒப்படைக்கவில்லை. குற்றமற்றவன் விசாரணைக்கு அஞ்ச வேண்டியதில்லை என்னும் எளிய நம்பிக்கையே அவர்களை இயக்கிற்று. அந்நம்பிக்கை மகன்மீது வைத்தது மட்டுமன்று, அரசின்மீதும் வைத்தது. பின்வந்த ஆண்டுகளில் அரசின்மீது வைத்தது சிதைந்தபோதும் மகன்மீது வைத்தது அப்படியே நின்றது. தாமே மகனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோமே என்னும் வருத்தம் அற்புதம்மாளின் பேச்சுகளில் ஒலிக்கும். ஒளித்து வைத்திருந்தால் நிலைமை வேறாகியிருக்குமா என்பதற்கு எவரும் விடை கூறவியலாது. ஆயினும் அவ்வினாவோடு வாழ்வது ஒரு தாய்க்கு எளிதன்று.

இதே வழக்கில் வேறொரு தாயும் உண்டு. நளினியின் தாய் பத்மா மருத்துவமனைச் செவிலியர். மகள் நளினி முதற் குற்றவாளி, மகன் பாக்கியநாதனும் குற்றஞ்சாட்டப்பட்டவர், தாமும் குற்றஞ்சாட்டப்பட்டவர். மக்களின் குற்றத்தைத் தாய் அறிந்திருந்தாள் என்பதே குற்றமாக ஆனது. பூந்தமல்லித் தடா நீதிமன்றம் 28.01.1998இல் இருபத்தாறு பேருக்கும் மரண தண்டனை விதித்தபோது தாய், மகள், மகன் மூவருக்கும் ஒரே நாளில் அத்தீர்ப்பு வாசிக்கப்பட்டது. 11.05.1999இல் உச்ச நீதிமன்றம் விடுவித்த பத்தொன்பது பேரில் பத்மாவும் பாக்கியநாதனும் அடங்குவர். மகளின் தூக்கு மட்டும் உறுதி செய்யப்பட்டது. அறிந்திருந்தாள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட தாய் ஒருத்தி, அறியமாட்டாள் எனத் தள்ளப்பட்ட தாய் மற்றொருத்தி. ஒரே வழக்கு இவ்விரு நிலைகளையும் ஏந்தி நின்றது.

இரண்டு மின்கலங்களும் கோணனகுண்டே வீடும்

பேரறிவாளன்மீது சாட்டப்பட்டவற்றுள் பொதுமக்கள் நினைவில் நிலைத்தது ஒன்றே. சிவராசனுக்கு இரண்டு 9 வோல்ட் மின்கலங்கள் வாங்கிக் கொடுத்தார், அவை வெடிகுண்டில் பயன்பட்டன என்பது அது. சிவராசனோடு சென்று மோட்டார் சைக்கிள் வாங்கியமை முதலிய பிறவும் வழக்கில் உண்டு. எனினும் தூக்குக் கயிற்றின் முறுக்கு அந்த மின்கலங்களிலேயே இருந்தது.

மின்கலம் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பொருள். அதனை வாங்குதல் குற்றமாவது, எதற்கென அறிந்து வாங்கும்போதுதான். ஆகவே வழக்கின் கரு செயலில் இல்லை, அறிவில் இருந்தது. மனுநீதிச் சோழன் கேட்க மறுத்த அதே வினா இங்கு உயிர்நாடியாயிற்று. அதற்கு அரசுத் தரப்பு காட்டிய சான்று, தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ்க் காவல் கண்காணிப்பாளர் தியாகராசன் பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலம். காவல் அலுவலரிடம் தந்த வாக்குமூலம் சான்றாகாது என்பது இந்தியச் சான்றுச் சட்டத்தின் பொதுவிதி. தடா அவ்விதியை மாற்றியது. 1995இல் அச்சட்டம் காலாவதியாயிற்று. 1999 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தடாக் குற்றங்கள் மெய்ப்பிக்கப்படவில்லை என்றே முடிவு செய்தது. ஆயினும் தடாவின்கீழ்ப் பெற்ற வாக்குமூலம் பிற குற்றங்களுக்குச் சான்றாகும் என ஏற்றுக்கொண்டது. மரம் விழுந்த பின்னும் அதன் நிழல் நின்றது என்றே சட்டம் பயிலாத ஒருவருக்குத் தோன்றும்.

வாக்குமூலத்திற்கு அப்பால், பேரறிவாளன் அறிந்திருந்தாரா என்பதை ஐயமறச் சொல்லக்கூடியவர் மின்கலங்களைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லப்பட்ட சிவராசனே. அவரோ அப்போது தேடப்பட்டு வந்தார். சூன் மாத இறுதியில் டாங்கர் லாரி ஒன்றில் மறைந்து சென்னையிலிருந்து பெங்களூர் சென்றார். சோலையார்பேட்டை அவ்விரு நகரங்களை இணைக்கும் இருப்புப்பாதைச் சந்திப்பு என்பதும், மகன் அதற்கு இரு வாரங்களுக்கு முன்பே காவலில் இருந்தார் என்பதும் நினைக்கத்தக்கன. பெங்களூரின் தென்புறத்தே, அந்நாளில் ஊர்ப்புறமாகவே இருந்த கோணனகுண்டேயில் ஒரு வீட்டில் சிவராசன், சுபா முதலியோர் தங்கியிருந்தனர். ஆகத்து மாதத்தில் அவ்வீடு கண்டறியப்பட்டு முற்றுகையிடப்பட்டது. சயனைடு அருந்துவோரை உயிரோடு பிடிக்க வேண்டும் என்பதால் உரிய ஆணைக்கும் மருத்துவ ஏற்பாட்டிற்கும் காத்திருந்தனர். 20.08.1991 காலை அதிரடிப்படை உள்ளே நுழைந்தபோது ஏழு பேரும் பிணமாகக் கிடந்தனர். சிவராசன் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். ஏனையோர் சயனைடு அருந்தினர். அது இராசீவ் காந்தியின் பிறந்த நாள்.

முற்றுகையின் தாமதம் பற்றி அக்காலத்தே கடுமையான விமர்சனம் எழுந்தது. கன்னடத்தில் 2006இல் 'சயனைடு' என்றும், பின்னர்த் தமிழில் 'குப்பி' என்றும் வந்த ஏ.எம்.ஆர். இரமேசின் திரைப்படம் அவ்வீட்டின் கடைசி நாள்களையே பொருளாகக் கொண்டது. பெங்களூர் மக்கள் நினைவில் கோணனகுண்டே இன்றளவும் ஒரு முற்றுகையின் பெயர். சோலையார்பேட்டைத் தாயின் கண்ணோட்டத்தில் அதன் பொருள் முற்றிலும் வேறு. மகன் என்ன அறிந்திருந்தான் என்பதைச் சொல்லத்தக்க சாட்சி அவ்வீட்டிலேயே இறந்தார். அதன்பின் எஞ்சியது காவல் அறைக்குள் எழுதப்பட்ட தாள் மட்டுமே. அதுவும் சித்திரவதையால் பெறப்பட்டதெனப் பேரறிவாளன் தரப்பு இறுதிவரை வாதிட்டது. சிவராசன் உயிரோடு பிடிபட்டிருந்தால் அவர் வாக்கு இத்தாயின் மகனுக்கு விடுதலையும் தந்திருக்கலாம், தூக்கை உறுதியும் செய்திருக்கலாம். எதுவாயினும் அது விடையாக இருந்திருக்கும்.

2013 நவம்பரில் தியாகராசனே வாய் திறந்தார். மின்கலங்கள் எதற்கெனத் தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியிருந்தார் என்றும், அதனை எழுதினால் ஒப்புதல் வாக்குமூலமே ஆகாது என்பதால் தாம் அப்பகுதியை விட்டுவிட்டதாகவும் அவர் வெளிப்படுத்தினார். 2017இல் உச்ச நீதிமன்றத்தில் ஆணையுறுதி ஆவணமாகவும் தாக்கல் செய்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு வாக்கியம் காணாமல் போயிருந்தது. ஏடு பெயர்த்தெழுதுவோர் விட்ட ஒரு சீரைத் தேடிப் பாடவேறுபாடு குறிக்கும் புலமையுலகிற்கு, ஒரு வாக்கியத்தின் இடையீடு எத்துணைப் பொருள் மாற்றத்தை உண்டாக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெங்களூர், 2007

இவ்விடத்தே பெங்களூரின் பிறிதொரு நிகழ்வை ஒப்புநோக்குதல் பயன்தரும். 30.06.2007இல் இசுகாட்லாந்தின் கிளாசுகோ விமான நிலையத்தில் எரிபொருள் நிரப்பிய வண்டியை மோதவிட்டவர்களுள் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்த பொறியாளர் கஃபீல் அகமது. அவருடைய தம்பி, மருத்துவர் சபீல், இங்கிலாந்தில் கைதானார். அவர்தம் உறவினரான மருத்துவர் முகமது அனீஃப் 02.07.2007 அன்று, பெங்களூருக்குப் புறப்படும் வேளையில், ஆத்திரேலியாவின் பிரிசுபேன் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். தாம் இங்கிலாந்தை விட்டுப் போகும்போது சபீலிடம் விட்டுச்சென்ற கைப்பேசிச் சிம் அட்டையே அவருக்கு எதிரான சான்று. அது எரிந்த வண்டியில் கிடைத்தது என நீதிமன்றத்தில் கூறப்பட்டது. உண்மையில் அது லிவர்பூலில் சபீலிடம் இருந்தது. சூலை 27இல் வழக்குக் கைவிடப்பட்டு, அவர் பெங்களூர் திரும்பினார். பின்னர் 2008இல் கிளார்க் விசாரணை அறிக்கை அரசின் பிழைகளை வெளிக்கொணர்ந்தது. 2010இல் இழப்பீடும் தரப்பட்டது. கஃபீல் தீக்காயங்களால் 02.08.2007இல் இறந்தார். சபீல் தகவலை மறைத்த குற்றத்தை 2008இல் ஒப்புக்கொண்டு, தண்டனைக்குப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

ஒரே நகரம், உறவால் பிணைந்த இரு குடும்பங்கள். சூலை முதல் வாரத்தில் இரு வீட்டு வாயில்களிலும் செய்தியாளர் குழுமினர். இரு வீட்டாரும் தம் பிள்ளை படித்தவன், நல்லவன் என்றே நினைத்திருப்பர். ஒரு வீட்டில் அந்நினைவு மெய்யாயிற்று. மற்றொரு வீட்டில் பொய்த்தது. முதல் வாரத்தில் அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண எவருக்கும் வழியில்லை. ஆகவே பெற்றோரின் உறுதி என்பது குற்றமின்மைக்குச் சான்றாகாது என நீதிமன்றம் கொள்வது முறையே. ஆனால் பெற்றோரின் உறுதியைக் கேலிப்பொருளாக்குவது முறையன்று என்பதையும் அனீஃபின் வழக்குக் காட்டுகிறது. பெற்றோர் அறிவது ஆளை; நீதிமன்றம் அறிய முயல்வது செயலை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல; பல நேரங்களில் ஒன்றையொன்று தொடுவதுமில்லை.

அமெரிக்காவிலும் ஒப்படைத்த குடும்பம் ஒன்று உண்டு. அஞ்சல்வழி வெடிகுண்டுகளால் மூவரைக் கொன்ற தியோடர் கசின்சுகி 1996இல் பிடிபட்டது, அவருடைய எழுத்துநடையை அடையாளம் கண்ட தம்பி டேவிட் புலனாய்வு அமைப்பிடம் சென்றதால்தான். தமையன் குற்றவாளி என்னும் ஐயம் அங்கு மெய்யாகவே முடிந்தது. ஆயினும் அரசுத் தரப்பு மரண தண்டனை கோரியபோது தம்பியும் தாய் வாண்டாவும் தாம் காட்டிக்கொடுத்தவனின் உயிரைக் காக்கப் போராட வேண்டியவராயினர். 1998இல் குற்றத்தை ஒப்புக்கொண்டமையால் வாழ்நாள் சிறையோடு அவ்வழக்கு முடிந்தது; டேவிட் பின்னாளில் மரண தண்டனைக்கு எதிரான இயக்கத்தில் பணியாற்றினார். குற்றமுடையவனாயினும் இல்லாதவனாயினும், ஒப்படைத்த கை அரசிடம் எதிர்பார்ப்பது ஒன்றே என்பது இவற்றால் பெறப்படும்.

தானே அறிந்த தாய்

1999 தீர்ப்புக்குப் பின் நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வர் தூக்குக்காகக் காத்திருந்தனர். நளினியின் தண்டனை 2000இல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. ஏனைய மூவரின் கருணை மனு குடியரசுத் தலைவரிடம் பதினோராண்டுகள் கிடந்தது. இக்காலம் முழுவதும் அற்புதம்மாள் வேலூர்ச் சிறைக்குச் சென்று மகனைக் கண்டுவந்தார். இடையே தீர்ப்புகளையும் மனுக்களையும் சட்டப் பிரிவுகளையும் மேடையில் பிறர் துணையின்றி எடுத்துரைக்கும் அளவுக்குக் கற்றுக்கொண்டார். பேரறிவாளன் சிறையிலிருந்து எழுதிய 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்' என்னும் நூலை அவர் கைப்படக் கொண்டுசென்று சேர்த்த இடங்கள் பல. பரிமேலழகர் கூறிய கேட்டறியும் தாய் இங்கே இல்லை. உடல்களைப் புரட்டித் தானே கண்டறிந்த புறநானூற்று முதியவளின் வழிவந்தவர் இவர். புரட்டியவை தாள்கள் என்பதே வேற்றுமை.

2011 ஆகத்தில் கருணை மனு மறுக்கப்பட்டு, செப்டம்பர் 9 தூக்கு நாளாகக் குறிக்கப்பட்டது. ஆகத்து 28இல் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்னும் இளம்பெண் தீக்குளித்து மாண்டார். ஆகத்து 30இல் சென்னை உயர்நீதிமன்றம் தூக்கிற்கு இடைக்காலத் தடை விதித்தது. அன்றே தமிழகச் சட்டப் பேரவையும் தண்டனைக் குறைப்புக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. மனுநீதிச் சோழன் சிலை நிற்கும் வளாகத்தில் அன்று மகனைப் பெற்றவள் ஒருத்தி நின்றாள். 18.02.2014இல், கருணை மனுவின்மீது முடிவெடுப்பதில் ஏற்பட்ட நெடுங்காலத் தாழ்ச்சியைக் காரணமாக்கி, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு மூவர் தண்டனையையும் ஆயுளாகக் குறைத்தது. 1999இல் தீர்ப்பளித்தவர்களுள் ஒருவரான நீதிபதி கே.டி. தாமசு, இத்துணை ஆண்டு சிறைக்குப் பின் தூக்கிலிடுதல் முறையன்று எனப் பொதுவெளியில் கூறியதும், 2017இல் சோனியா காந்திக்கு மடல் எழுதியதும் நீதித்துறை வரலாற்றில் அரிய நிகழ்வுகள்.

2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை எழுவரையும் விடுவிக்கப் பரிந்துரைத்தது. ஆளுநர் முடிவெடுக்காமல் காலம் கடந்தது. இறுதியில் 18.05.2022இல் நீதிபதி எல். நாகேசுவர ராவ் தலைமையிலான அமர்வு, அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ்ப் பேரறிவாளனை விடுவித்தது.

இவ்விடுதலையின் இயல்பைப் பிழைபட உணர்தல் கூடாது. நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் எனக் கூறவில்லை. 1999இல் உறுதி செய்த குற்றத்தீர்ப்பு ஏட்டில் அப்படியே உள்ளது. காலத்தாழ்ச்சி, சிறை நன்னடத்தை, சிறையில் பெற்ற கல்வி, உடல்நலம், அமைச்சரவைப் பரிந்துரை ஆகியவையே விடுதலைக்குக் காரணங்கள். மகன் அறிந்து செய்யவில்லை என்னும் தாயின் கூற்றுக்கு எந்த நீதிமன்றமும் 'ஆம்' எனச் சொல்லி முடிக்கவில்லை. மாறாக, திருப்பெரும்புதூரில் மாண்டவர்களுக்கும் தாயர் உண்டு, மக்கள் உண்டு. அக்குண்டுவெடிப்பில் படுகாயமுற்றுப் பிழைத்த காவல்துறை அலுவலர் அனுசுயா இவ்விடுதலையை வெளிப்படையாக எதிர்த்தார். அற்புதம்மாளின் உறுதியை மதிப்போர் அனுசுயாவின் சினத்தையும் கேட்டாக வேண்டும். இவ்வழக்கைப் பற்றித் தமிழில் வெளிவந்த எழுத்துகளுள் பெரும்பாலானவை இரண்டில் ஒன்றையே கேட்டன என்பது வருந்தத்தக்கது.

11.11.2022இல் எஞ்சிய அறுவரும் விடுவிக்கப்பட்டனர். அவருள் சாந்தன் இலங்கைக் குடிமகன் ஆதலின் திருச்சிராப்பள்ளிச் சிறப்பு முகாமில் வைக்கப்பட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய முதிய தாய், மகனை ஒருமுறையேனும் காண வேண்டும் என வேண்டிவந்தார். இலங்கை செல்ல இசைவு கிடைத்த சில நாள்களில், 28.02.2024 அன்று, சென்னை இராசீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சாந்தன் இறந்தார். அவருடைய உடல் யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தாயிடம் ஒப்படைக்கப்பட்டது.